கூட்டத்தைக் குறைக்க ஒரு கூட்டம்

‘கூட்டங்களைக் குறைப்பது எப்படி?’ என்று பேசி முடிவெடுக்க அலாரம் அக்கா கூட்டிய கூட்டம், நேரம் போதாமல் மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

வெள்ளிக்கிழமை துறைத் தலைவர் நேரில் பார்க்க வருகிறார். அதற்குள் வேலைமுறையை எளிமையாக்கிக் காட்டியாக வேண்டும்.

அந்தப் பெரிய நிறுவனத்தில் மென்பொருள் எழுதும் குழு ஒன்றுக்கு அவள் ஒருங்கிணைப்பாளர். அஜைல் முறையில் வேலை. வேலையைச் சின்னத் துண்டுகளாக்கிக்கொண்டு, தினமும் காலையில் நின்றபடியே கூடி, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று ஆளுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் கலைய வேண்டும். அவ்வளவுதான். ஆனால் நிறுவனம் பெருகப் பெருக, காலைக் கூட்டத்துக்கு ஒரு முன்கூட்டம், அதற்கொரு பின்கூட்டம், பக்கத்துக் குழுக்களோடு ஒரு பொதுக்கூட்டம் என்று அது குட்டி போட்டுக்கொண்டே போனது. எல்லாவற்றுக்கும் ஆளைக் கூவிக் கூவி இழுத்து வருவது அவள் பொறுப்பு. அதனால் வந்ததுதான் ‘அலாரம்’ என்ற பெயர்.

“எளிமையாக்குங்கம்மா. எப்பப் பார்த்தாலும் கூட்டம். தேவையில்லாததைத் தூக்கிடுவோம்” என்று துறைத் தலைவர் அவளைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். அந்தத் ‘தேவையில்லாதது’ அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

“ஏங்க, கூட்டமே இல்லைன்னா கூட்டம் போடறவ எதுக்குங்க?” என்று வீட்டில் கணவரிடம் கேட்டாள்.

“நியாயமான கேள்விதான்” என்றார் அவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அதன்பிறகு அவள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

குறைக்காவிட்டால் திறமை இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். குறைத்துவிட்டால் தேவை இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். திறமைசாலி என்ற பெயரோடு போவதே மேல் என்று தீர்மானித்து, எல்லாக் கூட்டங்களையும் ஒரேயடியாக ரத்து செய்தாள். நடைபாதையில் ஒரு பலகையை மாட்டினாள். அவரவர் வேலையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிட வேண்டும். பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மறுநாளே, எழுதிய மென்பொருளில் பிழை தேடும் சோதனையாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். “அக்கா! நான் சோதிச்சுக்கிட்டிருந்த பக்கத்தையே காணோம்!”

“அழிச்சிட்டேனே” என்றார் குழுவில் மென்பொருள் எழுதும் சீனியர் நிதானமாக. “பலகையில எழுதி ஒட்டியிருந்தேனே, பாக்கலியா?”

பலகையில் காகிதம் இல்லை. எல்லாம் மின்விசிறிக் காற்றில் பறந்து, பெருக்குகிறவரின் கூடையில் ஒழுங்காகச் சேர்ந்திருந்தன.

சரி, காகிதம் வேண்டாம், நானே போய்க் கேட்டுச் சொல்கிறேன் என்று அவள் இருக்கை இருக்கையாக நடக்க ஆரம்பித்தாள். சீனியர் சொன்னதைத் திரைகளை வடிவமைக்கும் பெண்ணிடம் சொல்லி, அவள் சொன்னதைச் சோதனையாளரிடம் சொல்லித் திரும்பினால், சீனியர் மனசை மாற்றிக்கொண்டிருப்பார். மறுபடி முதலிலிருந்து. மத்தியானத்துக்குள் கால் வீங்கிவிட்டது.

“அக்கா, அவர் பட்டனை இடப்பக்கம் வைக்கச் சொன்னாரா, வலப்பக்கமா? கேட்டுச் சொல்லுங்களேன்” என்றாள் வடிவமைக்கும் பெண்.

“அவர் உன் முதுகுக்குப் பின்னாலதானே உக்காந்திருக்காரு! திரும்பிக் கேளேன்!”

“கேட்டா கூட்டம் ஆயிடுமேக்கா” என்றாள் அந்தப் பெண் பயபக்தியோடு.

அலாரம் அக்காவுக்கு அழுகை முட்டியது. அழ நேரமில்லை. “யாரும் என்னைத் தேட வேணாம், நானும் நடக்கல. தினம் காலையில எல்லாரும் என் மேசைகிட்ட வாங்க. நின்னுக்கிட்டே ஆளுக்கு நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்க” என்றாள். சொல்லி முடித்த பிறகுதான், இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று அவளுக்கே உறைத்தது.

யோசனை என்னவோ நன்றாக வேலை செய்தது. அதுதான் வினையாகிவிட்டது. விஷயம் பரவி, பக்கத்துக் குழுக்களும் வந்து நிற்கத் தொடங்கின. வெள்ளிக்கிழமை காலை அவள் மேசையைச் சுற்றித் தேர்க்கூட்டம். ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் துறைத் தலைவர் உள்ளே வந்தார்.

“என்னம்மா இது?”

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “கூட்டம் இல்ல சார். சும்மா... நிக்கிறாங்க.”

“கூட்ட அறையில யாரு இருக்கா?”

“யாரும் போறதே இல்ல சார். மூடிக் கிடக்கு.”

அவர் கூட்டத்தைத் திரும்பியும் பார்க்காமல் நேரே கூட்ட அறைக்கு நடந்தார். அவள் பின்னாலேயே ஓடினாள். அறையைத் திறந்து விளக்கைப் போட்டார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நீளமாக அடி வைத்து நடந்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஈயை விரட்டுகிற மாதிரி மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினார்.

அவ்வளவுதான், வேலையிலிருந்து தூக்கி வீசிவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

“சார், வேற ஏதாவது டீம்லயாவது எனக்கு ஒரு...”

“பிரமாதம்மா!” அவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உங்களை மாதிரி ஆளுங்கதான் நமக்கு வேணும். உங்களை எங்கயும் விடறதா இல்ல. இதையே அப்படியே தொடருங்க. இந்த அறைப் பக்கம் மட்டும் யாரும் வந்துடக் கூடாது.”

அவர் சீட்டியடித்துக்கொண்டே போனார். அலாரம் அக்கா வாசற்படியிலேயே சாய்ந்து நின்று, கைபேசியில் கணவரை அழைத்தாள். “ஏங்க! வேலை போகலைங்க! நான் பண்ணின மாற்றம் சாருக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சு. வேலைமுறையையே எளிமையாக்கிட்டேனாம்...”

சுமை தூக்கும் ஆட்கள் இருவர், அகலமான பச்சைப் பலகை ஒன்றைத் தலைமேல் தாங்கியபடி அவள் பின்னால் வந்து நின்றார்கள்.

“கொஞ்சம் வழி விடுங்க மேடம்” என்றார் முன்னால் நின்றவர். “இந்த ரூம்ல கூட்டமெல்லாம் ஒழியட்டும், அப்பறம் கொண்டாங்கன்னு பெரிய சார் சொல்லிச் சொல்லி, இந்த டேபிள் டென்னிஸ் மேசை எங்க கடையிலேயே தூங்கிக்கிட்டு இருந்துச்சு.”