கொளுக்கியரும் கலியாணக் கரவனும்

மெல்பேர்னில் அந்த நாட்களில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் எல்லோரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம். ஆனால் அந்த பஸ் புறப்பட்டிராது. கொளுக்கியர் அதற்கு அடியில் படுத்துக்கொண்டு எதையாவது ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் பாரந்தூக்கும் கொளுக்கிகளைப் பரிசோதிப்பது அவர் வேலை. சொந்தப் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டுக்கு மட்டும் தெரியும். வயது நாற்பது, தனி ஆள். ஒன்றோடொன்று பொருத்தப்பட்ட எதுவும் என்றைக்காவது கழன்றுவிடும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. ஆகவே காற்சட்டைக்கு இடுப்புவார் போட்டு, அதற்கு மேலே தோள்வாரும் போடுவார். ஏன் இரண்டு என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டும் ஒரே நாளில ஏமாத்தாது, தம்பி."

ஒரு வீட்டில் பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்கு ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். கொளுக்கியர் பிள்ளையை இறக்கித் தாயிடம் கொடுத்துவிட்டு, குசினியிலிருந்து அரிசி மூட்டையைத் தூக்கி வந்து ஊஞ்சலில் வைத்து இருபது நிமிடம் ஆட்டினார். ஊஞ்சல் தாங்கியது. மூட்டையின் தையல் தாங்கவில்லை. கேக் வெட்டும்போது எங்கள் எல்லோர் தலையிலும் அரிசி இருந்தது.

"பார்த்தியளோ, கழண்டிட்டுது" என்றார், மிகவும் திருப்தியாக.

இப்படிப்பட்டவரை என் கலியாணப் பயணத்துக்குக் கூப்பிட்டது என் அக்கா. "பாவம், அந்தாளுக்கு ஆர் இருக்கினம்?" என்றாள்.

பெண் சிட்னியில் நர்ஸ். ஹோம்புஷ் பக்கம் ஒரு சின்ன ஃப்ளாட்டில் இருந்தாள். ஞாயிறு காலை ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் இடையில் முகூர்த்தம். அவளுடைய தகப்பனார் இதற்காகவே இலங்கையிலிருந்து வந்திருந்தார், திங்கட்கிழமை திரும்ப வேண்டும். "மகளைக் கையில பிடிச்சுக் குடுத்திட்டுத்தான் பிளேன் ஏறுவன். இல்லாட்டில் அவளையும் கூட்டிக்கொண்டு ஏறுவன்" என்று போனில் சொன்னார். பகிடி என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த ஃப்ளாட்டில் மாப்பிள்ளை வீட்டார் தங்க இடமில்லை. அக்காவின் கணவரான அத்தான் தன் வேலைத்தலப் போர்மனிடம் ஒரு கரவனை, அதுதான் சில்லில் ஓடும் சின்ன வீட்டை, இரவல் வாங்கினார். அதைத் தன் ஸ்டேஷன் வேகனில் கட்டி இழுத்துக்கொண்டு வெள்ளி விடியப் புறப்படுவதாகத் திட்டம். வியாழன் பின்னேரம் கொளுக்கியர் பெட்டியோடு வந்து சேர்ந்தார். அக்கா தேத்தண்ணி போட்டாள். அவர் வீட்டுக்குள் வரவில்லை. நேரே காரின் பின்பக்கம் போய்க் குந்தினார்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புச் சட்டத்தின் நுனியில் ஓர் உருண்டை இருக்கும். கரவனின் மூக்கில் ஒரு கிண்ணம் இருக்கும். கிண்ணம் உருண்டைமேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். கரவனும் அதற்குள் இருக்கும் சகலதும், எங்கள் விஷயத்தில் கூறைச்சேலையும் தாலிக்கொடியும் உட்பட, அந்த ஓர் உருண்டையை நம்பித்தான் தெருவில் போகின்றன. நாடு அப்போது அங்குலத்தை விட்டு மில்லிமீட்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. கரவன் மாறிவிட்டது. அத்தானின் கார் இன்னும் மாறவில்லை.

"உருண்டை சின்னன்" என்றார் கொளுக்கியர்.

"எவ்வளவு சின்னன்?" என்றார் அத்தான்.

"ரெண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட."

"ஐசே, அது நகத்தில இருக்கிற ஊத்தையளவு! பூட்டிப் பார்த்தனான், வடிவாப் பூட்டுது."

கொளுக்கியர் கிண்ணத்தை உருண்டையில் கவிழ்த்துப் பூட்டினார். பிறகு கரவனின் மூக்கைத் தாங்கும் சின்னச் சில்லின் கைப்பிடியைத் திருகி, மூக்கை மெல்ல உயர்த்தினார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. கிண்ணம் மட்டும், ஒரு கனவான் தொப்பியைக் கழற்றுவதுபோல, உருண்டையை விட்டு மேலே போனது.

அத்தான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். என்னுடையதையும் குடித்தார்.

வெள்ளிக்கிழமை கார்ச்சாமான் கடை திறக்குமுன்பே வாசலில் நின்றோம். கொளுக்கியர் கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்த அளவுக் கருவியை எடுத்து, அங்கிருந்த பதினொரு உருண்டைகளையும் மூன்று பக்கமாக அளந்தார். ஒவ்வொன்றிலும் எவ்வளவு பாரத்துக்கு என்று பொறித்திருந்ததைக் கண்ணாடி மாற்றி வாசித்தார். பத்தைத் தள்ளிவைத்தார். பதினோராவதை முகர்ந்தும் பார்த்தார், ஏனென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு கோத்திருந்த சங்கிலிகளைக் கண்ணி கண்ணியாக எண்ணத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கலியாணம், அவசரம் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை ஒருபக்கம் கூட்டிப்போய், "அவர்தான் மாமனாரா?" என்று இரக்கத்தோடு கேட்டார்.

மத்தியானம் உருண்டை பொருந்தியது. உருண்டை விட்டாலும் கரவனின் மூக்கு நிலத்தில் குத்தாமல் தாங்கும்படி, அடியில் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகப் பின்னினார். புறப்படலாம் என்று நான் வாய் திறந்தபோது, அக்காவின் குளியலறையிலிருந்து நிறை பார்க்கும் தராசோடு வந்தார். அதைக் கரவனின் மூக்குக்கு அடியில் வைத்தார்.

"மூக்கில பதினைஞ்சு கிலோதான். எழுபதாவது வேணும். பின்னுக்கு என்ன வைச்சிருக்கிறியள், தங்கச்சி?"

பின்னுக்குத்தான் கரவனின் குசினி. அதில் அக்கா இரண்டு மூட்டை அரிசி, பலகாரத் தகரங்கள் ஆறு, கொழும்பிலிருந்து கப்பலில் வந்த ஆட்டுக்கல் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தாள். சிட்னியில் உழுந்து அரைக்க என்ன இருக்கிறதோ என்று அவளுக்கு யோசனை.

"பின்பாரம் கூடினால் வால் ஆடும். ஆடத் தொடங்கினால் காரையும் சேர்த்து ஆட்டும். எல்லாத்தையும் நடுவுக்கு, சில்லுக்கு மேல கொண்டு வாங்கோ."

"நடுவில கட்டில் கிடக்குது. கட்டிலடியில ஆட்டுக்கல்லோ? குசினிச் சாமான் குசினியிலதான் இருக்கவேணும், அண்ணை."

"அப்ப கார் கரவனைக் கொண்டுபோகாது. ஆட்டுக்கல்தான் எங்கள் எல்லாரையும் கொண்டுபோகும்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான் என்பதால் தீர்ப்பு என்னிடம் வந்தது. ஒரு தாளில் நெம்புகோல் வரைந்து கணக்குப் போட்டேன். கொளுக்கியர் பக்கம்தான் விடை வந்தது. அக்கா அந்தத் தாளை வாங்கி அடுப்புத் துடைத்தாள். ஆனாலும் சாமான் நடுவுக்குப் போனது. அதற்குள் இருட்டிவிட்டது, சனி விடியத்தான் புறப்பட்டோம்.

கொளுக்கியர் வேகனின் பின்பகுதியில் ஒரு தலையணையைப் போட்டு, பின்னுக்குப் பார்த்தபடி இருந்தார். "அண்ணை, முன்னுக்குக் கங்காரு நிக்குது!" என்று அக்கா கத்தினாள். "வரட்டும், இஞ்சால பின்னுக்குப் போகேக்க பாப்பம்" என்றார், உருண்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லி, சில்லைத் தொட்டு, சங்கிலியைத் தொட்டு, பூட்டைத் தொட்டுவிட்டு ஏறுவார். அத்தான் ஸ்டியரிங்கோடு தனியே பேசத் தொடங்கியிருந்தார்.

அல்பரியில் சாப்பிட நின்றோம். கொளுக்கியர் கழிப்பறைக்குப் போன நேரம் அக்கா என் காதுக்குள் சொன்னாள். "தம்பி, இரவு கட்டிலடியில கால் இடிச்சு ஆரும் விழப்போகினம். அந்தக் கல்லையும் மூட்டையளையும் குசினியில வை. இவ்வளவு தூரம் வந்தாச்சு, இனி என்ன?"

கணக்குப் போட்டவன் நான். தூக்கி வைத்தவனும் நான்.

குண்டகாய் என்ற ஊருக்கு முன்னால் ஒரு நீண்ட இறக்கம். பெரிய லொறி ஒன்று எங்களை முந்தியது. அதன் காற்றில் கரவன் ஒருமுறை அசைந்தது. நிற்கும் என்று பார்த்தேன். மறுபக்கம் அசைந்தது, முந்தியதைவிடக் கூட. மூன்றாவது முறை எங்கள் காரின் பின்பக்கமும் அதோடு போனது. அக்கா முருகனைக் கூப்பிட்டாள்.

"பிரேக்கைத் தொடாதையும்!" பின்னுக்கிருந்து கொளுக்கியரின் குரல். "ஸ்டியரிங்கை நேராப் பிடியும்! காலை மட்டும் எடும்! எடும், ஐசே!"

அத்தான் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். எதிரே இன்னொரு லொறி வந்துகொண்டிருந்தது. கரவன் இரண்டு முறை ஆடியது, ஒரு முறை ஆடியது, நின்றது. எதிரே வந்த லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. உருண்டை விடவில்லை.

தெருவோரம் நிறுத்தினோம். கொளுக்கியர் கரவன் கதவைத் திறந்து பார்த்தார்.

"ஆர் தூக்கினது?"

"நான்தான், அண்ணை."

ஏசுவார் என்று நின்றேன். "தனியத் தூக்கினனீரோ? இடுப்பு பிடிச்சால் நாளைக்கு மணவறையில என்னெண்டு இருப்பீர்?" என்றார். பிறகு தானே ஆட்டுக்கல்லை நடுவுக்கு உருட்டினார்.

அதற்குப் பிறகு அத்தானை வேகமாக ஓட அவர் விடவில்லை, அத்தானும் கேட்கவில்லை. குல்பேர்னில் தங்கினோம். நாங்கள் மூவரும் கரவனுக்குள் படுத்தோம். கொளுக்கியர் விடியும்வரை ஆட்டுக்கல்லின்மேல் இருந்தார். தான் நித்திரை கொண்டால் அது நடக்கத் தொடங்கிவிடும் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு ஒன்பது பத்துக்கு மண்டபத்து வாசலில் போய் நின்றோம். மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வெளியே நின்றார். என்னைக் கண்டதும் கடிகாரக் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டார். அக்கா கூறைப் பெட்டியோடு உள்ளே ஓடினாள்.

"நீங்கள் போங்கோ. பூட்டை ஒருக்காப் பார்த்திட்டு வாறன்" என்றார் கொளுக்கியர்.

பத்து மணிக்குத் தாலி கட்டினேன். எங்களை வாழ்த்தி அறுகரிசி போட வந்தவர்களில் அவர் இல்லை. சாப்பாட்டுக்கும் வரவில்லை. "உங்கடை பக்கத்தில ஒராள் குறையுதெண்டு அக்கா சொன்னவ" என்றாள் என் மனைவி. கூறைச்சேலையோடு தானே ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு என்னோடு வெளியே வந்தாள்.

வேகனின் பின்கதவு திறந்திருந்தது. தலையணையில் சாய்ந்து, பின்னுக்குப் பார்த்தபடியே கொளுக்கியர் நித்திரையாகியிருந்தார். காலடி கேட்டுப் பாதிக் கண் திறந்தார்.

"முடிஞ்சுதோ?"

"ஓம், அண்ணை."

"நேரத்துக்கோ?"

"நேரத்துக்கு."

"நல்லது" என்று மறுபடி கண்ணை மூடிவிட்டார். இவள் தட்டோடு என்னைப் பார்த்தாள். உள்ளேயிருந்து படம் பிடிக்க எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வெயில் நேரே அவர் முகத்தில் அடித்தது. மாலையும் கழுத்துமாக நாங்கள் இருவரும் கொஞ்சம் நகர்ந்து, அந்த வெயிலை மறைத்துக்கொண்டு நின்றோம்.