மெத்தைக்காரரின் உண்மை வாக்கியம்

"ஐ லுக் ஆஃப்டர் மை வைஃப்" என்று மெத்தைக்காரர் சொல்லி வாயை மூடுவதற்குள், டீச்சரம்மா அவருடைய மனைவிக்கே போன் போட்டுவிட்டார்.

"உங்க வீட்டுக்காரர் உங்களை நல்லா பாத்துக்கறதா சொல்றாரு. நெசமாம்மா?"

ஸ்பீக்கரில் முதலில் சிரிப்புதான் கேட்டது.

"யாரு, இவரா? போன வாரம் நான் காய்ச்சல்ல படுத்திருந்தப்ப, 'டீ போட எந்திரிப்பியா மாட்டியா'ன்னு கேட்டவரு டீச்சர் இவரு!"

டீச்சரம்மா போனை வைத்தார். "ஃபெயில்."

அந்த இங்கிலீஷ் ட்யூஷனின் சட்டம் அப்படி. வாரத்துக்கு ஒரு சொற்றொடர். அதை வைத்து வாக்கியம் அமைத்தால் மட்டும் போதாது. சொன்னது உண்மையாக இருக்க வேண்டும். டீச்சரம்மாவே போனிலும், ஞாயிறு சாயந்திரம் நேரில் வந்தும் சாட்சி விசாரிப்பார். பொய் வாக்கியம் சொன்னவர் அதே பாடத்தில் கிடக்க வேண்டியதுதான்.

மெத்தைக்காரருக்குக் கிடக்க நேரமில்லை. அவர் வேலை பார்க்கும் மெத்தைக் கடையில் சூப்பர்வைசர் நாற்காலி காலியாகியிருந்தது. முதலாளியின் அக்காதான் இந்த டீச்சரம்மா. "அக்கா இந்த வாரம் பாஸ் போட்டா நாற்காலி உனக்கு. இல்லேன்னா உன் ஜூனியருக்கு" என்று முதலாளி சொல்லியாயிற்று. பார்வைக்கு வைத்த மெத்தையிலேயே மத்தியானம் குறட்டை விடுகிற அந்த ஜூனியருக்குக் கீழேயா? செத்தாலும் நடக்காது.

இந்த வயதில் ட்யூஷன் போவதை வெளியே சொல்ல முடியுமா? புத்தகத்தைக் காய்கறிப் பைக்குள் ஒளித்துக்கொண்டுதான் போவார், வருவார். நம் குடியிருப்பில் காய்கறிப் பையோடு போய்க் காய்கறி இல்லாமல் திரும்புகிறவர்கள் சமீபத்தில் ரொம்பவே அதிகம். நமக்கெதற்கு ஊர் வம்பு.

சனிக்கிழமை காலை கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் பெட்டியும் நாயுமாக வாசலில் நின்றார். யாரும் கேட்காமலே நெஞ்சை நிமிர்த்தி, "வீ ஆர் கோயிங் அவே!" என்றார்.

வெளியூர் போவதற்கு இத்தனை அலட்டலா என்று நினைத்த மெத்தைக்காரர், தானும் நெஞ்சை நிமிர்த்தினார். "ஐ வில் லுக் ஆஃப்டர் யுவர் டாக்!"

நாய் வீட்டுக்குள் வந்தது.

"என்னங்க இது?" என்றார் மனைவி.

"என் வாக்கியம்."

"உங்க வாக்கியம் என் செருப்பைக் கடிக்குது. இது இருந்தா நான் இருக்க மாட்டேன்."

மாடியில் தையல்காரம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவரும் வெளியூராம். அவரும் இங்கிலீஷில்தான் சொன்னார், மேடையில் நிற்கிறவர் மாதிரி. மெத்தைக்காரர் விடவில்லை. "ஐ வில் லுக் ஆஃப்டர் யுவர் ஹவுஸ்!" சாவியை வாங்கி நாயை அங்கே கொண்டுபோய் விட்டார்.

அந்த வீட்டில் ஒரு கிளி இருப்பதைத் தையல்காரம்மா சொல்லவில்லை. அது தையல்காரம்மாவின் குரலிலேயே, "அளவு எடுத்தாச்சா? கையைத் தூக்கு!" என்று அதட்டும். ஆளில்லாத குரலைத் தேடிய நாய், தைக்கக் கொடுத்திருந்த துணிகளையெல்லாம் இழுத்துப் போட்டது.

இரண்டையும் பிரிக்க வேண்டும். எதிர்வீட்டு ஆடிட்டர் குடும்பத்தோடு படியிறங்கிக்கொண்டிருந்தார். "வீ டூ ஆர் கோயிங் அவே!" வீட்டில் வயதான அப்பா மட்டும்தான்.

"ஐ வில் லுக் ஆஃப்டர் யுவர் ஃபாதர்!" என்று கத்திவிட்டு, கிளிக்கூண்டைப் பெரியவரின் மேஜையில் வைத்துவிட்டு வந்தார் மெத்தைக்காரர்.

"ஒரு வாக்கியம் போதாதா உங்களுக்கு?" என்றார் மனைவி.

"ஒண்ணு சொதப்பினா இன்னொண்ணு இருக்கும்ல!"

"எல்லாம் சொதப்பினா?"

விடிய விடிய நாய் ஊளை, பெரியவரின் ரேடியோ, கிளியின் அதட்டல் என்று இரண்டு வீட்டுக்கும் மாறி மாறி ஓடினார்.

ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு போனவர் வாசலிலேயே உறைந்துபோனார். பெரியவர் கூண்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து பயபக்தியோடு இங்கிலீஷில் என்னவோ முணுமுணுத்தார். கிளி ஜன்னல் வழியாகப் பறந்தது.

"ஐயா, என்ன பண்ணிட்டீங்க!"

"பண்ணிட்டேன்பா" என்றார் பெரியவர், பரம திருப்தியாக.

கிளி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. மெத்தைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். தனியே விட்டால் துணிகளைக் கிழிக்கும் என்று நாயையும், தனியே விட்டால் வேறு எதையாவது திறப்பார் என்று பெரியவரையும் மேலே கூட்டிவந்திருந்தார். கிளி நகர்ந்தது. இவரும் நகர்ந்தார். இப்படியே சாயந்திரமாகிவிட்டது. நாய் குரைத்த குரைப்பில் ஏணி சாய்ந்தது.

"இறங்குங்க, போதும்!" என்று மனைவி கீழிருந்து கத்தினார். "நாற்காலியும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

"அவன் குறட்டைக்குக் கீழே நான் வேலை பார்க்க மாட்டேண்டி!" என்றபடி தொட்டி விளிம்பில் தொங்கினார் மெத்தைக்காரர். "கிளி கைக்கு வராம நான் இறங்கறதா இல்லை!"

அந்த நேரம் பார்த்து ஊருக்குப் போனவர்கள் சத்தம் கேட்டுப் பெட்டிகளோடு மொட்டைமாடிக்கு வந்து சேர்ந்தார்கள். பின்னாலேயே டீச்சரம்மா.

தையல்காரம்மாவைக் கண்டதும் கிளி, "கையைத் தூக்கு!" என்று கத்தியது. பழக்க தோஷம், மெத்தைக்காரர் கையைத் தூக்கிவிட்டார். விழுந்தார். நல்லவேளை, மழைக்குப் பிறகு காயப்போட்டிருந்த பழைய மெத்தை ஒன்று கீழே விரித்திருந்தது. அவர் கடையில் வாங்கியதுதான். கிளி பறந்து வந்து தையல்காரம்மாவின் தோளில் உட்கார்ந்தது.

மெத்தைக்காரர் எழுந்தார். முழங்கை சிராய்ப்பைத் துடைக்கக்கூட இல்லை. "ஐ லுக்ட் ஆஃப்டர் எவ்ரிபடி, டீச்சர்! நாய், கிளி, பெரியவர். எண்ணிப் பாத்துக்குங்க!"

டீச்சரம்மா நாயைப் பார்த்தார், கிளியைப் பார்த்தார், பெரியவரின் நாடியைக்கூடப் பிடித்துப் பார்த்தார். "உண்மைதான். பாஸ்."

மனைவி ஓடிவந்து சிராய்ப்பைத் துடைத்தார். இப்போதுதான் மெத்தைக்காரருக்குக் கோபம் வந்தது. "லீவும் இல்லை, விசேஷமும் இல்லை. எல்லாரும் ஒரே நாள்ல ஊருக்குக் கிளம்பினா மனுஷன் என்ன ஆவான்? அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?"

மருந்துக்கடைக்காரர் தன் பெட்டியைப் பார்த்தார். தையல்காரம்மா காய்கறிப் பையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார். ஆடிட்டர் வானத்தைப் பார்த்தார்.

பெரியவர்தான் சொன்னார்: "கோவிச்சுக்காதப்பா, காலை பேட்ச்ல எல்லாருக்கும் இந்த வாரம் 'கோ அவே', என்னால ஊருக்கு அலைய முடியாதுன்னு எனக்கு மட்டும் டீச்சர் 'லெட் அவுட்' கொடுத்தாங்க."