மியூசியம் தரத்து நீலம்

வெற்றிடத்தை ரசிக்கும் ஓர் இனம் உலகில் உண்டு. சும்மா ரசிக்காது, வெற்றிடம் சான்றிதழோடு வர வேண்டும். உங்களுக்குத் தெரியாமலிருக்க முடியாது. பேச்சின் நடுவே ‘ஸ்பேஸ்’ என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்களே, அவர்கள்தான்.

அஞ்சுகிராமத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் அனில்குமார் இந்த இனத்தின் தலைமகன். மைத்துனர் வீட்டு வாஸ்துப் படத்தில் ஓடும் ஏழு குதிரைகளைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தவர், தான் ஆர்டர் செய்த மியூசியம் தரத்து ஓவியப் பிரிண்ட் வந்த அன்று செருப்பைக் கழற்றி, கையுறை மாட்டி, மூச்சையும் அடக்கிக்கொண்டு அதைப் பிரித்தார். மேலே ஒரு நீலம், கீழே ஒரு நீலம், நடுவில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

“நம்ம கடை டைல்ஸ் ரெண்ட ஒட்டுனா இதுதானே?” என்றாள் மனைவி சபிதா.

“ஏட்டி, இது மினிமலிசமாக்கும்! நூறு வருசம் மங்காது.”

ஆனால் உப்புக்காற்று படக்கூடாதாம். வட்டக்கோட்டைப் பக்கம் கடலைப் பார்த்துக் கட்டிய வீட்டில் அது எப்படி நடக்கும்? கூடத்துச் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவதென்று முடிவு செய்தார். அடுப்படியில் வெந்து வரும் சபிதா காற்று வாங்க இருந்த ஒரே இடம் அது. கலைக்காக யாராவது தியாகம் செய்யத்தானே வேண்டும்? அந்த யாராவது யார் என்பதில் இந்த இனத்துக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

மறுநாள் கொத்தனார் சூசை வந்தார். படத்தைப் பார்த்தார். சன்னலுக்கு வெளியே வானத்தையும் கடலையும் பார்த்தார்.

“அக்கா, ரெண்டும் ஒண்ணுதானே? இதுல எத அடைக்கணும்?”

சபிதா ஒரு நிமிடம்தான் யோசித்தாள். கணவர் கடையிலிருந்து திரும்புவதற்குள் படத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சூசை சன்னலைச் சுற்றிக் கறுப்புச் சட்டம் தீட்டிக் கொடுத்தார். படத்தோடு வந்த ‘அமைதி, எண் 7’ என்ற பெயர்ச்சீட்டைச் சபிதா சன்னலுக்குக் கீழே ஒட்டினாள்.

மாலையில் அனில்குமார் தம் இனத்து நண்பர் முருகதாஸோடு வந்தார். அடைக்காத சன்னலைக் கண்டதும் கத்த வாயைத் திறந்தார். அதற்குள் முருகதாஸ் சீட்டைப் படித்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார்.

“கொள்ளாம் மக்கா! என்னா ஆழம்!”

திறந்த வாயை அனில்குமார் மெல்ல மூடினார். தூரத்தில் ஒரு தோணி வந்தது. கண்ணைத் திறந்த முருகதாஸ் முகம் சுளித்தார்.

“அந்தத் தோணி மட்டும் தேவையில்ல.”

“நானும் அதத்தான் நெனச்சேன்,” என்றார் அனில்குமார்.

“அது இப்பம் போயிரும்,” என்று சொல்லிவிட்டு, சபிதா சன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

சிரித்தது போதும். அடுத்தமுறை ஒரு படத்தின் முன்னால் நிற்கும்போது, உங்கள் கண் முதலில் படத்துக்குப் போகிறதா, கீழே உள்ள சீட்டுக்குப் போகிறதா என்று கவனியுங்கள். சீட்டுக்கென்றால், உங்கள் வீட்டில் சன்னலோரம் உட்காருபவரிடம் இப்போதே அந்தச் சன்னலைச் சுற்றி ஒரு கறுப்புச் சட்டம் தீட்டிவைக்கச் சொல்லுங்கள்.