பழச்சாமியின் பூதக்கண்ணாடி

விதையை வயிற்றுக்குள் ஒளிக்காமல் மேனியெல்லாம் ஒட்டவைத்துக்கொண்டிருக்கிற வெள்ளந்திப் பழம் ஸ்ட்ராபெர்ரி. அதற்கும் ஒரு தரகர் கிளம்பினார், பழச்சாமி என்ற பெயரில். ஒவ்வொரு விதையும் ஓர் எழுத்தாம். சேர்த்துப் படித்தால், பழத்தைக் கொண்டுவந்தவரின் தலையெழுத்தாம். பழச்சாமி வீட்டு மாடிப்படியில் ஊரே பழமும் கையுமாக நின்றது. படித்தவர்கள் குடையோடு வந்தார்கள். குடையைப் பழத்துக்குப் பிடித்துவிட்டு வெயிலில் நின்றார்கள்.

பறித்த ஓரிரு நாளில் அழுகிவிடும் பழம் அது. அழுகினால் பாவம் கழிகிறது, புதுப் பழத்தோடு வா என்பார் சாமி. புளித்தால் பக்தி போதாது என்பார். பழத்தின் குணமெல்லாம் அவருக்குப் பிழைப்பாயிற்று.

அந்த ஊர்த் தையற்காரி ஒருத்திக்கு மட்டும் இது சிரிக்கிற விஷயமாக இல்லை. மகளுக்குக் கண்ணில் ஆபரேஷன் செய்யவேண்டும், தாமதித்தால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கத்தி வேண்டாம் என்று, கணவர் சாமியிடம் கொண்டுபோன பழம் சொல்லிவிட்டதாம்; அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே விடவில்லை. அவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள், பட்டினி கிடந்தாள். பழத்தின் பேச்சுக்கு முன் பெண்டாட்டி பேச்சு எடுபடவில்லை. ஆத்திரத்தோடு ஊசியை எடுத்தாள். சிவப்புத் துணி, பச்சை நாடாவில் காம்பு, உள்ளே பஞ்சு, மேலே மஞ்சள் நூலில் முடிச்சு முடிச்சாக விதைகள்.

மறுநாள் கணவரையும் இழுத்துக்கொண்டு போனாள். சாமி பழத்தைத் தொடமாட்டார். தொட்டால் எழுத்து கலைந்துவிடுமாம். தட்டில் இருந்ததைப் பூதக்கண்ணாடியால் எட்டிப் பார்த்தார். உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"பரம்பரைச் சாபம்மா. கடைசி வரிசையில தெளிவாத் தெரியுது. கத்தி பட்டா குடும்பமே அழிஞ்சிடும்."

"கடைசி வரிசை தைக்கும்போது நூல் தீந்துபோச்சு சாமி. வேற நூல் போட்டேன். அதைத்தான் பாத்திருப்பீங்க."

சொல்லிவிட்டு, கையோடு கொண்டுவந்த கத்தரிக்கோலால் பழத்தைக் கிழித்தாள். பஞ்சு பிதுங்கியது. சாமிக்கு அவசரமாகக் கொல்லைப்பக்கம் வேலை வந்துவிட்டது, போனவர் திரும்பவில்லை. கணவர் பஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவமானத்தில் முகம் கறுத்துப்போய், டாக்டர் இப்போது இருப்பாரா என்று மட்டும் கேட்டார்.

கூட்டத்துக்கும் புத்தி வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. அத்தனை பேரும் தையற்காரியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் சாமியின் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். குடைக்காரர் ஒருவர் கும்பிட்டே விட்டார்.

"விதியையே தைக்கிற கைம்மா இது. எனக்கும் நல்லதா ஒண்ணு தைச்சுக் குடுங்க."

மகளைப் பார்க்க ஓடவேண்டிய அவசரத்திலும் அவள் ஒரு நிமிடம் நின்றாள்.

"தைச்சுத் தரேன். துணி மட்டும் கொண்டு வாங்க, பஞ்சு உங்க தலையிலேயே நிறைய இருக்கு. அதை எடுத்துட்டா, அந்த இடத்துல கொஞ்சம் யோசிக்கவும் செய்யலாம்."