ஊரைப் பார்த்து நின்ற பஸ்

பஸ் ஓட்டத் தெரிந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ லட்சம் பேர் இருக்கலாம். பஸ்ஸை நிறுத்தத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் திருநின்றவூரில் ஏரிப் பக்கம் ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் அவருக்கு ‘ஓல்டான்’ என்றுதான் பெயர். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பின்புறம் ஓர் ஆள் நின்று ‘வரலாம், வரலாம்’ என்று சொல்லிக்கொண்டே வந்து, போதும் என்றதும் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு கத்து கத்துவாரே, அந்த ஓல்டான்.

நிறுத்தத் தெரிந்தவர் என்றால் சீக்கிரம் நிறுத்துவார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு முறை நிறுத்த அரை மணி ஆகும். ஏனென்றால் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்த ஊரில் நின்றாலும் வண்டியின் முகம் நம் ஊரைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். சைக்கிளுக்கும் அதே சட்டம். ஆவடி மார்க்கெட்டில் எல்லாச் சைக்கிளும் ஒழுங்காக ஒரு பக்கம் பார்த்து நிற்க, இவருடையது மட்டும் திருநின்றவூரைப் பார்த்துக் குறுக்கே நிற்கும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினால்கூட மேற்கே திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

“ஏன் அண்ணாத்தே, உன் செருப்புக்கு வழி தெரியாதா?” என்று பூக்கடைக்காரர் கேட்பார்.

“தெரியாதுப்பா. அதான் காட்டி வெக்கிறேன்.”

எழுபதுகளின் தொடக்கத்தில் இவர் ஓட்டிய யாத்திரை பஸ்ஸில் நான் நேபாளம் போனேன். காசி, கயா பார்த்து, எல்லை தாண்டி, பசுபதிநாதரைத் தரிசித்துத் திரும்புவது. மொத்தம் இருபத்தெட்டு நாள். நான் எட்டாவது வரை படித்தவன். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோரில் வேலை. அதற்கு முன் லீவு போட்டுத் திருத்தணியைத் தாண்டியதில்லை. இப்போது எடுத்த எடுப்பில் வெளிநாடு.

ஆசைப்பட்டவள் என் மனைவி. பஸ்ஸில் இரண்டு இடத்துக்குச் சொல்லி வைத்திருந்தோம். ஆடி மாதம் ஜுரமென்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஐப்பசியில் நான் மட்டும் கிளம்பினேன். ஜன்னலோர இடம் அவளுடையது. அதில் அவளுடைய பித்தளைச் சொம்பை வைத்துக்கொண்டேன். யாத்திரை மேனேஜர் நல்ல மனிதர். அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் இருந்த வீட்டைப் பூட்டிச் சாவியைப் பிள்ளையார் கோயில் குருக்களிடம் கொடுத்தபோதே மனசுக்குள் முடிவு செய்திருந்தேன்: திரும்பி வருவதில்லை. பசுபதிநாதர் கோயில் ஆற்றங்கரையில் சுவாமியே கதியென்று எத்தனையோ பேர் உட்கார்ந்திருப்பார்களாம். அவர்களோடு நானும் உட்கார்ந்துவிடுவது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை.

ஓல்டானுக்கு நாற்பத்திரண்டு பயணிகளின் பெயரும் மனசில் நிற்காது, சாமான்தான் நிற்கும். வண்டி எடுக்குமுன் திரும்பிப் பார்த்து ஆஜர் எடுப்பார். “ஊறுகா ஜாடி வந்தாச்சா? பச்ச டிரங்குப் பொட்டி? கிழிஞ்ச ஜமக்காளம்? சொம்பு?” சொம்பு என்பது நான். கிழிஞ்ச ஜமக்காளம் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். அவர் கடைசிவரை ஓல்டானை மன்னிக்கவில்லை. ஊறுகா ஜாடி பூந்தமல்லியிலிருந்து வந்த அம்மாள். ஜாடிக்கு மூடி இருந்தது, அந்த அம்மாள் வாய்க்கு இல்லை.

நாகபுரிக்கு முன்னால் டீ குடிக்க ஐந்து நிமிஷம் என்றார் மேனேஜர். ஓல்டான் இறங்கி, சூரியனைப் பார்த்து, “ஆவடி எந்தப் பக்கம் கீது?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, வண்டியைத் தெற்கே திருப்ப ஆரம்பித்தார். முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழம். திருப்பி முடிப்பதற்குள் எங்கள் டீ ஆறி, அதில் ஈ விழுந்து, கடைக்காரர் வேறு டீ போட்டுவிட்டார்.

“டீ குடிச்சிட்டு வடக்கதானேய்யா போகப் போறோம்? தெற்க எதுக்குத் திருப்புறே?” என்று மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

“போவும்போது திருப்பிக்கிறேன் சார். இன்னா இப்போ?”

திருப்பினார். இன்னொரு அரை மணி. அந்தக் கணக்கில் நாங்கள் காசி போய்ச் சேர்ந்தபோது மேனேஜருக்குத் தாடி வளர்ந்திருந்தது.

காசியில் கிளீனருக்கு ஜுரம் கண்டு அவரை ரயிலேற்றி அனுப்பிவிட்டோம். பின்னால் நின்று ‘வரலாம்’ சொல்ல ஆள் இல்லை. ஹெட்மாஸ்டர் முன்வந்தார். “இடப்பக்கமாக வரவும்! இல்லையில்லை, என்னுடைய இடப்பக்கம்!” என்று அவர் இலக்கணமாகச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் ஒரு லஸ்ஸிக் கடைப் பெஞ்சை முட்டிவிட்டது. அதே நேரம் நான் கங்கையில் முழுக்குப் போட்டு வந்து “சம்போ மகாதேவா!” என்றேன். நான் வெள்ளிக்கிழமை பஜனையில் மைக் இல்லாமல் பாடுகிறவன். ஓல்டான் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“யாருப்பா அது தொண்ட? சொம்பா? நீ வா. பின்னாடி போய் நில்லு. இனிமே நீ சொல்லாங்காட்டி வண்டி நவுராது.”

மூன்று மாதமாக வீட்டில் பேச ஆளில்லாமல் துருப்பிடித்துக் கிடந்த தொண்டை. அன்றிலிருந்து அதற்கு ஒரு நாளைக்கு ஆறு வேளை வேலை வந்தது. நான் ‘ஓல்டான்’ என்றால் அவ்வளவு பெரிய பஸ் அந்த இடத்திலேயே கட்டுப்பட்டு நிற்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது.

நேபாள மலைப்பாதையில் ஒரு திருப்பத்தில் சமையலுக்கு நிறுத்தினார்கள். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் மேகம். கீழே தரை இருந்ததா என்று சுவாமிக்குத்தான் தெரியும். அங்கேயும் ஓல்டான் சூரியனைத் தேடினார்.

“வேணாம் அண்ணே, இங்க வேணாம்” என்று நான் கெஞ்சினேன்.

“சட்டம்னா சட்டம்தான் நைனா. நில்லு பின்னாடி.”

பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண். உள்ளே பெண்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நாமாவளி சொல்ல, ஊறுகாய் அம்மாள் மட்டும் கண்ணைத் திறந்து கத்தினாள்: “அடப்பாவி! பசுபதியப் பாக்கறதுக்கு முன்னாடி எமனக் காட்டிடுவே போலக்கீதே!”

“எமன் வந்தாலும் ஓரமாத்தாம்மா நிக்கணும், நான் திருப்பற வரிக்கும்.”

இரண்டு பக்கமும் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. கோபமாக இறங்கி வந்த நேபாள டிரைவர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு என்ன தோன்றிற்றோ, என் பக்கத்தில் வந்து நின்று “பரலாம், பரலாம்” என்று கூடவே சொல்ல ஆரம்பித்தார்கள். பஸ் தெற்கே பார்த்து நின்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். ஊறுகாய் அம்மாள் அவர்களுக்கு ஆளுக்கொரு எலுமிச்சை ஊறுகாய்த் துண்டு கொடுத்தாள். அந்த நாட்டோடு நமக்கு உறவு கெடாமல் இருந்தது அதனால்தான்.

உலை கொதிக்கும்வரை ஓல்டானும் நானும் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். நான் கேட்டேன்: “இத்தனை பாடு படறீங்களே, ஊர்ல உங்களுக்காக யார் அண்ணே காத்துகிட்டு இருக்காங்க?”

“எனுக்கா? ரூமு பூட்டுதான்.”

“அப்ப எதுக்கு?”

“வண்டில நாப்பத்திரண்டு பேரு கீறாங்க. அவுங்களுக்கு ஆள் கீதுல்ல? என் ஒருத்தனுக்கு யாரும் இல்லன்னு வண்டி மூஞ்ச மாத்தி வெக்க முடியுமா?” பிறகு அவரே சொன்னார்: “காசில எல்லாரும் கயிறு வாங்கினாங்கோ. ஊறுகா ஜாடி ஒரு கூடையே வாங்கிச்சு. நீ ஒன்னியும் வாங்கலியே, சொம்பு.”

“கொடுக்க ஆள் இல்லை அண்ணே.”

அவர் என்னை நேராகப் பார்க்கவில்லை. வண்டிக் கண்ணாடியில் பின்பக்கம் பார்ப்பாரே, அதுபோல ஓரமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனார்.

காத்மாண்டுவில் மூன்று நாள் தரிசனம். நான்காம் நாள் காலை ஊருக்குத் திரும்புவதாக ஏற்பாடு. விடிந்ததும், கோயிலுக்குப் பக்கத்தில் நாங்கள் தங்கியிருந்த சத்திரத்து வாசலில் வந்து பார்த்தேன். பஸ் சட்டப்படி தெற்கே பார்த்து நின்றிருந்தது. எனக்கு நிம்மதி. இனி திருப்ப வேண்டியதில்லை, நேராகப் போய்விடலாம். பின்னால் நிற்க நான் தேவையில்லை. என் போர்வையை ஊறுகாய் அம்மாளிடம், “உங்களுக்குக் குளிருதுன்னீங்களே, வச்சுக்கங்க” என்று கொடுத்தேன். துண்டையும் சொம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த ஓல்டான் அம்மாள் கையிலிருந்த போர்வையைப் பார்த்தார். என் கையிலிருந்த சொம்பைப் பார்த்தார். “சாமி கும்புட்டு ஜல்தி வந்துரு. எட்டு மணிக்கு வண்டி.”

“சரி அண்ணே” என்றேன். கோயிலுக்குப் போகிற வழியில் பொய் சொன்ன பாவம் எனக்கு உண்டு.

தரிசனம் முடித்துப் பாலம் தாண்டி எதிர்க்கரைப் படியில் போய் உட்கார்ந்தேன். ஒரு சாமியார் ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோபுரம் வெயிலில் மின்னிற்று. சொம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “அப்பா, எங்கள் ரெண்டு பேரையும் நீயே வைத்துக்கொள்” என்று வேண்டினேன். அழுகை வரவில்லை. மனசு காலி வீடு மாதிரி இருந்தது.

எட்டு மணிக்கு ஹாரன் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டேன். கிளம்புகிற ஹாரன் என்றால் சத்தம் தேய்ந்து போக வேண்டுமல்லவா? தேயவில்லை. அதே இடத்திலிருந்து கால் மணி நேரம் அடித்தது. கூடவே சைக்கிள் மணி, மாடுகள், ஜனங்களின் கூச்சல். என்ன ஆயிற்றோ என்று படியிறங்கினேன். பாலம் வரைக்கும் போய்ப் பார்ப்போம் என்று போனேன். பாலத்திலிருந்து தெரியவில்லை. ருத்திராட்சக் கடைவரை போனேன். பிறகு சத்திரத்துச் சுவருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன்.

பஸ் சாலைக்குக் குறுக்கே நின்றிருந்தது. இரண்டு பக்கமும் ஊரே முடங்கிக் கிடந்தது. மேனேஜர் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார். ஹெட்மாஸ்டர், “சற்றே பின்னால்! சற்றே!” என்கிறார். ஊறுகாய் அம்மாள் எருமையைக் கூப்பிடுவதுபோல், “வா… வா ராஜா… ஏய், வான்றேன்ல!” என்கிறாள். அந்த ‘வா’வுக்கு பஸ் வந்தது. பின்சக்கரத்துக்கு நேர் பின்னால் ஓரத்தில் ஒரு சின்னக் கல் நந்தி. கன்றுக்குட்டி அளவு. நெற்றியில் குங்குமம், கழுத்தில் அன்று காலை யாரோ போட்ட சாமந்தி மாலை. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. சக்கரம் அதை நோக்கி வருகிறது.

“ஓல்டான்!”

அது என் வாயிலிருந்துதான் வந்தது. கோயில் புறாக்கள் மொத்தமும் எழும்பிப் பறந்தன. பஸ் நின்றது. நந்திக்கும் சக்கரத்துக்கும் நடுவே சாமந்தி மாலை ஆடிக்கொண்டிருந்தது.

அந்த அமைதியில் முன்னாலிருந்து ஒரு குரல்: “சொம்பு வந்தாச்சா?”

“வந்தாச்சு! செவுத்துக்குப் பின்னாடி நின்னுகினு கீது!” என்றாள் ஊறுகாய் அம்மாள்.

“அப்பால இன்னா? வந்து சொல்லச் சொல்லு, பின்னாடி எவ்ளோ கீதுன்னு.”

நான் போய் நின்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்னால் அனுப்பி, ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொல்லி, பின்னால் வாங்கி, வண்டியைத் தெற்கே பார்க்க வைத்தேன். அப்புறம் எல்லோரும் ஏறுகிறார்களே என்று நானும் ஏறினேன். ஜன்னலோரத்தில் சொம்பை வைத்தேன். அம்மாள் போர்வையை என் மடியில் போட்டாள். “இந்தா, வேணாம் எனுக்கு. மூட்டப்பூச்சி கீது.” மூட்டைப்பூச்சி எல்லாம் கிடையாது.

மலையிறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. விடியற்காலையில் பஸ் ஊரைப் பார்த்துத்தானே நின்றது? பின்னே எதற்குத் திருப்பினார்கள்?

“அத ஏன் கேக்கறே” என்றாள் அம்மாள். “நீ கோயிலுக்குப் போனியா, உடனே இந்தாளு நல்லா நின்ன வண்டிய வடக்கப் பாத்துத் திருப்பி வச்சான். எட்டு மணிக்கு, அய்யோ மாறி நிக்குது, மறுபடியும் திருப்பணும், சொம்பு வந்தாதான் ஆச்சுன்னு ஒரே ரகள. கிறுக்கு!”

எல்லையில் டீ குடிக்க நின்றபோது ஓல்டானிடம் கேட்டேன். “நானா? வடக்கயா? இன்னா பேசறே நீ?” என்று சொல்லிவிட்டு டயரை உதைத்துப் பார்க்கப் போய்விட்டார். என்னை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று பசுபதிநாதர் முடிவு செய்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

எல்லோரையும் ஆவடி ஸ்டேஷனில் இறக்கிவிட்ட ஓல்டான், என்னை மட்டும் இறங்க விடவில்லை. அவ்வளவு நீள பஸ்ஸைக் கோவில்பதாகையில் என் தெருவுக்குள் கொண்டுவந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. குருக்கள் சாவியைக் கொடுத்தார். நான் பூட்டைத் திறந்தேன். உள்ளேயிருந்து புழுக்கமாக ஒரு காற்று வந்தது. வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“நாளிக்கு ஊட்ல இருப்பியா?” என்றார் ஓல்டான், ஸ்டியரிங்கில் இருந்தபடி.

அந்த வீட்டில் நான் இருப்பேனா என்று ஒருவர் கேட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. “இருப்பேன் அண்ணே” என்றேன்.

மறுநாள் வந்தார். சைக்கிளைத் திருநின்றவூர்ப் பக்கம் பார்க்க நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் போட்ட காப்பியைக் குடித்து, “இது காப்பியா, ரேடியேட்டர் தண்ணியா?” என்று கேட்டு, இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தார். யாத்திரை இல்லாத வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார். பஜனையில் தாளம் தப்பாமல் தட்டமாட்டார், தட்டாமலும் இருக்கமாட்டார்.

மாசி மாதமோ பங்குனியோ, ஒரு சாயங்காலம் அவரை வழியனுப்ப வாசலுக்கு வந்தேன். சைக்கிளைப் பார்த்தேன். திருநின்றவூருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் வீட்டு நிலைப்படியைப் பார்த்து நின்றிருந்தது. வாசல் நடை குறுகல். சைக்கிளைப் பின்னால் தள்ளித்தான் திருப்ப வேண்டியிருந்தது. நான் போய்ப் பின்பக்கம் நின்றுகொண்டு, பஜனைக் குரலில் இல்லாமல், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்:

“வரலாம் அண்ணே… வரலாம்.”