ஒருமனதாக நிறைவேறிய பிரிவு

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கும்மா. நீங்களே படிச்சிடுங்க," என்றார் முன்வரிசைத் தையல்காரர்.

சட்ட விரிவுரையாளருக்குத் தொண்டை ஏற்கெனவே கட்டியிருந்தது. புதிய அரசியல் சட்டம் எழுதுகிறார்கள். குலுக்கலில் எடுத்த பொதுமக்களைக் கூட்டி, பேசவைத்து, ஒரு முடிவை வாங்கித் தருவது அவள் வேலை. இதுவரை எந்தக் குழுவும் ஒத்துப்போனதில்லை. இன்றும் சண்டையில் முடிந்தால் திட்டத்தையே மூடிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது.

படித்தாள். "மக்கள் கூடிப் பேசி எடுத்த முடிவை நீதிமன்றம் ரத்து செய்யலாமா?"

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மைக் வைத்திருப்பவர்தான் பேசலாம் என்றாள். மைக்கை வாங்கிய தையல்காரர் விடுவதாயில்லை. சரி, ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாள்.

"அந்த விதியை யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்று எழுந்தார் பஸ் டிரைவர்.

நியாயமான கேள்வி. அதை விவாதித்ததிலேயே பாதிக் காலை போயிற்று. அவள் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு நாற்காலியில் சரிந்தாள்.

"நாம பேசி முடிச்சதைக் கலைக்கக் கோர்ட்டு யாருங்க?" என்றார் டிரைவர்.

பின்வரிசை அம்மாள் ஒருத்தி மைக்குக்குக் காத்திருக்கவில்லை. "எங்க வீட்டுலயும் கூடிப் பேசித்தான் முடிவு பண்ணுவாங்க. மூணு பிள்ளைங்க, அவங்கப்பா. பாத்திரம் நான்தான் கழுவணும்னு ஒருமனசா முடிவாயிடும். அதைக் கேக்க ஒரு ஆள் வேணாமா?"

பக்கத்திலிருந்த அவள் கணவர் கூரையைப் பார்த்தார்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "அப்ப ரத்து பண்ண வேணாம். 'இந்தம்மா பேச்சைக் கேக்காம முடிவு பண்ணியிருக்கீங்க, போய் மறுபடி பேசுங்க'ன்னு திருப்பி அனுப்பட்டும்."

"அது பேச்சு!" என்று தையல்காரர் மைக்கைக் கீழே வைத்தார். கைகள் உயர்ந்தன. மனைவி திரும்பிப் பார்த்ததும் கடைசிக் கையும் உயர்ந்தது.

பேராசிரியர்கள் வருடக்கணக்காக முட்டிக்கொண்ட இடம்! விரிவுரையாளருக்குக் கண் கலங்கியது. இன்றிரவாவது நிம்மதியாகத் தூங்கலாம். "எல்லாரும் கையெழுத்து போட்டுட்டுப் போங்க," என்றாள் தழுதழுத்த குரலில்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு நர்ஸ் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"கண் பரிசோதனைக்கு வந்தவங்க எல்லாம் இங்கயா உக்காந்திருக்கீங்க? அப்ப பக்கத்து ஹால்ல நான் கண்ணுல மருந்து ஊத்திப் படுக்க வச்சிருக்கேனே, அவங்கல்லாம் யாரு?"