சாதுவான பூனைக்கு நான் தரும் உத்தரவாதம்

ஸ்கெலட்டன், கே.ஜி.எஃப்.
ஞாயிறு மாலை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சித்தார்த் அவர்களுக்கு, மாமனார் மனோகர் எழுதுவது. நமோ புத்தாய. இங்கே நானும் உங்கள் அத்தை பாக்கியவதியும் சௌக்கியம். என் இடது கையில் கட்டுப் போட்டிருப்பதை ஒரு நோயாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆபீஸ் வேலையாக ஹூப்ளி போன இடத்தில் நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் பெங்களூர் வீட்டுக்குத் திரும்பும்போது இந்தக் கடிதம் மேஜைமேல் இருக்கும். வீட்டில் ஒரு பூனையும் இருக்கும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் நாலு தடவை "சரிங்க மாமா" சொல்லிவிட்டு வைத்துவிடுவீர்கள், விஷயம் பாதியில் நின்றுவிடும். வீட்டுக்குள் பூனையே கூடாது, அது நன்றி கெட்ட பிராணி, குழந்தையைப் பிராண்டிவைக்கும் என்று போன முறை இங்கே வந்திருந்தபோது நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததிலிருந்து பேத்தி நிலா வெளியாள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, டீச்சர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்கிறாள் என்று என் மகள் தாரா போனில் அழுதாள். அதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருக்க முடியுமா? எல்லாரிடமும் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும் பூனை ஒன்று கூடவே இருந்தால், அதைப் பார்த்துப் பிள்ளைக்கும் பயம் தெளியும் என்று முடிவுசெய்தேன். சுரங்கத்தில் ஷிப்ட் ஷிப்டாக ஆட்களைக் கூண்டில் வைத்து இறக்கி ஏற்றிய இன்ஜின் டிரைவர் நான். யோசிக்காமல் லீவரில் கை வைத்தவன் இல்லை.

எல்லாப் பூனையும் ஒன்றல்ல மாப்பிள்ளை. பக்கத்து வீட்டுக் கங்கம்மாவின் விறகுக் கொட்டகையில் ஒரு பூனை ரெண்டு குட்டி போட்டது. ரெண்டும் சாம்பல் வரி, ரெண்டும் பெட்டை, ஆளை மாற்றி வைத்தால் தாய்க்கே தெரியாது. அதில் ஒன்றைத் தாய் கண் திறந்த கையோடு கவ்விக்கொண்டு வந்து நம் அடுப்பங்கரையில் போட்டது. மற்றதை விறகுக்குள்ளேயே வைத்து வளர்த்தது. வளர்ந்தபிறகு பார்த்தால், அடுப்பங்கரைக் குட்டி யார் வந்தாலும் மடியில் ஏறிப் படுக்கிறது, விறகுக் குட்டி யாரைப் பார்த்தாலும் சீறுகிறது. ஏன் என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் மறுவேலை என்று உட்கார்ந்தேன்.

தீனி போடுகிறவரிடம்தான் பூனை ஒட்டும் என்பது என் முதல் கட்சி. சட்டைப்பை நிறைய நெத்திலிக் கருவாடு போட்டுக்கொண்டு போய் விறகுக் குட்டிக்கு வைத்தேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே தின்றது, தின்று முடித்ததும் என்னைப் பார்த்தே சீறியது. அதே சட்டையோடு நான் ராபர்ட்சன்பேட்டையில் பென்ஷன்காரர்கள் கூட்டத்துக்குப் போனதும், பஜாரிலிருந்தே யார் யார் வீட்டுப் பூனையோ பின்னால் வந்ததும், நான் பேச எழுந்தபோது அவையும் மேடை ஏறியதும் உண்மைதான். மனோகர் ஆளோடு வந்திருக்கிறார் என்று தலைவர் மைக்கில் சொன்னார். அன்றைக்குப் பேச வேண்டியதை நான் இன்னும் பேசவில்லை. சரி, தீனி இல்லை, அப்பன் குணம்தான் காரணமாயிருக்கும் என்று அடுத்து நினைத்தேன், ஆனால் அப்பன் ஒருத்தன், பிள்ளைகள் ரெண்டு குணம் என்றால் கணக்கு உதைக்கிறதே என்று கங்கம்மாவிடம் சொன்னபோது, "ரெண்டுக்கும் ஒரே அப்பன்னு நீ பாத்தியா அண்ணா?" என்று கேட்டுவிட்டு அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கட்சியை அத்தோடு விட்டேன்.

மூன்றாவதுதான் சரியான விடை. கை. அடுப்பங்கரைக் குட்டி பிஞ்சிலேயே அத்தை கையில் புரண்டது, சிலிண்டர் கொண்டுவருகிறவர் தோளில் ஏறியது, வந்தவர் போனவர் எல்லாரும் தடவிக் கொடுத்தார்கள். விறகுக் குட்டிமேல் ஒரு கைகூடப் படவில்லை. குட்டியாயிருக்கும்போது மனுஷன் கை பட்டால்தான் பூனை மனுஷனை நம்பும், இதுதான் மாப்பிள்ளை சூட்சுமம். இப்போதாவது பட்டால் என்ன ஆகும் பார்க்கலாம் என்று விறகுக்குள் கையை விட்டேன். அந்தக் கைக்குத்தான் ஊசியும் கட்டும். உங்கள் அத்தை ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "இன்னா, கை பட்டுச்சா?" என்று கேட்டாள். 

மழை ஆரம்பித்ததும் விறகுக் குட்டியும் நம் வீட்டுக்குள் புகுந்து அரிசி டிரம்முக்குப் பின்னால் குடியேறிவிட்டது. ஆள் சத்தம் கேட்டால் எங்கே இருட்டு என்று தேடி ஓடும். அதை யார் அனுப்புவார்கள்? இன்று காலை அடுப்பங்கரைக் குட்டியைத்தான் நானே தூக்கிக் கூடைக்குள் விட்டேன். பெங்களூருக்கு ரயிலில் போகும் எதிர்வீட்டு நோயல் கூடையை வாங்க வந்தான், கங்கம்மா வழியனுப்ப வந்தாள், ஆளுக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்தார்கள், வீடு சந்தைக்கடையாகிவிட்டது. கடைசியில் நான் எட்டிப் பார்த்தேன். ஒரு மூலையில் சுருண்டு முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தது. கயிறு போட்டுக் கட்டினேன். வழி முழுக்க ஒரு சத்தம் இல்லை என்று நோயல் போனில் சொன்னான். ஸ்டேஷனிலேயே தாரா வாங்கிக்கொண்டாள். வளர்ப்பு என்றால் இதுதான். ஆகவே நீங்கள் எதற்கும் அஞ்ச வேண்டாம், இதன் சாதுத்தனத்துக்கு நான் பொறுப்பு.

உங்கள் மூவருக்கும், புதிதாகச் சேர்ந்த நாலாவது ஆளுக்கும் மும்மணிகளின் காவல் என்றும் இருக்கட்டும். அத்தை உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா,
மனோகர்

பின்குறிப்பு: திங்கள் காலை. தபாலில் சேர்க்கலாம் என்று சட்டையை மாட்டும்போது, என் நாற்காலியில் பூனை ஒன்று படுத்திருந்தது. கிட்டே போனேன், புரண்டு வயிற்றைக் காட்டியது. அடுப்பங்கரைக் குட்டி. மூடியைத் திறந்து திறந்து பார்த்ததில் இது வெளியே வந்து ஆட்களோடு கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து விறகுக் குட்டி கூடைக்குள் போய் ஒளிந்திருக்கிறது.  குழந்தையின் கண்ணைக் காப்பாற்று என்று தாராவுக்குப் போன் போட்டேன்.

அவள் பதறவில்லை. கூடையைத் திறந்ததும் பூனை கட்டிலடியில் புகுந்துகொண்டதாம். நிலாவும் பின்னாலேயே போய்ப் படுத்துக்கொண்டாளாம், தொடவும் இல்லை, கூப்பிடவும் இல்லை, படப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாளாம். நேற்று சாயங்காலம் பார்த்தால் பூனை அவள் பாதத்தில் தலையை வைத்துத் தூங்குகிறது. அப்போது பக்கத்து வீட்டு அம்மா வந்து வாசலிலேயே நின்று சத்தமாக ஏதோ பேச, நிலா கட்டிலடியிலிருந்து தலையை நீட்டி, "ஆன்ட்டி, மெதுவா பேசுங்க. இது பயப்படுது" என்றிருக்கிறாள்.

இதைத் தாரா என்னிடம் ரெண்டு தடவை சொன்னாள். நான் அத்தையைக் கூப்பிட்டு மூன்றாவது தடவை சொன்னேன்.

ஆகையால் மேலே பூனைகளைப் பற்றி நான் எழுதியது எதையும் நீங்கள் பொருட்படுத்த வேண்டாம். வீட்டுக்குப் போனதும் பெட்டியை மெதுவாக இறக்கி வையுங்கள். கட்டிலடியில் குனிந்து பார்க்காதீர்கள். ரெண்டு பேரும் அவர்களாகவே வெளியே வருவார்கள்.